வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய வரம்

கணினி மொழி செய்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. மொழியை வெளியிடும் நாளில் மார்தட்டிக்கொண்டு, “எங்கள் மொழி எளிமையானது, ஜெனரிக்ஸ் மாதிரி வம்பெல்லாம் இதில் கிடையாது” என்று அறிவிப்பார்கள். கைதட்டு விழும். சில வருஷம் பயனாளர்கள் கெஞ்சுவார்கள். இன்னும் சில வருஷம் கமிட்டி கூடும், கலையும். கடைசியில் ஒரு நாள் ஜெனரிக்ஸ் வரும். வந்த மறுநாள் காலை, “இதை யார் கேட்டது?” என்று அதே பயனாளர்கள் சண்டைக்கு வருவார்கள். சி++, ஜாவா, சி ஷார்ப், கோ என்று நான்கு அரச குடும்பங்களில் இந்தக் கூத்து தலைமுறை தவறாமல் நடந்திருக்கிறது. பக்கத்து அரண்மனையில் நடந்ததைப் பார்த்துத் திருந்தியவர் யாரும் இல்லை.

பிரச்சினை என்னவோ சின்னதுதான். எண்களை வரிசையாக வைத்துக்கொள்ள ஒரு லிஸ்ட் எழுதுகிறீர்கள். நாளைக்குப் பெயர்களுக்கு ஒரு லிஸ்ட் வேண்டும். என்ன செய்வீர்கள்? பழையதை அப்படியே காப்பி அடித்து, ‘எண்’ என்ற இடத்தில் எல்லாம் ‘பெயர்’ என்று மாற்றலாம். பத்து டைப்புக்குப் பத்து காப்பி. ஒன்றில் பிழை கண்டுபிடித்தால் ஒன்பது இடத்தில் திருத்த மறந்து போகும். இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் ஒரே லிஸ்ட் எழுதலாம். அது சமையலறை அலமாரியில் பெயர் ஒட்டாமல் அடுக்கிய எவர்சில்வர் டப்பா மாதிரி. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே பளபளப்பு. எதில் சர்க்கரை, எதில் உப்பு என்பது காபியை வாயில் வைத்த பிறகு தெரியும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஃபங்ஷனுக்கு எண்ணைக் கொடுக்கிற மாதிரி, கிளாஸுக்கு டைப்பையே கொடுத்துவிடுவது. லிஸ்ட்<டி> என்று ஒரு முறை எழுது. ‘டி’ யார் என்பதைப் பயன்படுத்துகிறவன் சொல்லட்டும். அவன் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஸ்ட்ரிங் தவிர வேறு எதையும் உள்ளே விடாதே. ஜெனரிக்ஸின் மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். மீதியெல்லாம் இதை லேட்டாகச் செய்ததற்குக் கட்டிய அபராதம்.

லேட் என்று நான் சொல்வதற்குக் காரணம், இது 1967லேயே தெரிந்த விஷயம். அந்த ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைக்கால வகுப்பில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர், ஒரே கோட் பல டைப்புக்கு வேலை செய்வதைப் பற்றி விளக்கி, அதற்குப் ‘பாராமெட்ரிக் பாலிமார்ஃபிசம்’ என்று பெயரும் வைத்தார். இப்படிப் பெயர் வைத்தால் எவன் பயன்படுத்துவான்? அந்த வகுப்புக் குறிப்புகள் முறையாக அச்சேறியது 2000ல். ஸ்ட்ரேச்சி 1975லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் பேராசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1972ல் பிரான்ஸில் ழான்-இவ் ஜிரார் என்ற தர்க்கவியலாளர் இதற்கான கணிதத்தைக் கண்டுபிடித்தார். 1974ல் அமெரிக்காவில் ஜான் ரெனால்ட்ஸ், ஜிரார் என்று ஒருவர் இருப்பதே தெரியாமல், அதையே மறுபடி கண்டுபிடித்தார். எடின்பரோவில் ராபின் மில்னர் எம்எல் என்ற மொழியில் இதைச் செய்தே காட்டினார். டைப்பை நீங்கள் எழுதக்கூட வேண்டாம், கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் 70களின் நடுவில் க்ளு என்ற மொழியில் இன்னொரு படி போனார். ‘டி’ யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் இன்னின்ன வேலை தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ‘வேர்’ என்ற வார்த்தையைப் போட்டு நிபந்தனை விதிக்க வழி செய்தார். வரிசைப்படுத்தும் லிஸ்ட் என்றால் ‘டி’க்கு ஒப்பிடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவு எளிய நிபந்தனை. லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தபோது, எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எதற்கு விருது என்று ஒரு புண்ணியவான் இணையத்தில் கேட்டானாம். அம்மையாரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. எல்லாருக்கும் அது எப்படித் தெரிய வந்தது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைகூட முந்திக்கொண்டது. 1983ல் வந்த ஏடா மொழியில் ‘ஜெனரிக்’ என்ற சொல்லே சட்டபூர்வமாக இருந்தது. அந்த மொழியின் ராணுவத் தர எண் 1815, அது ஏடா லவ்லேஸ் பிறந்த வருஷம். ராணுவத்துக்கு இவ்வளவு நளினம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்த மொழியை வெளியுலகம் கண்டுகொள்ளவும் இல்லை.

ஆக, 80களின் நடுவில் நிலைமை இதுதான்: தியரி தயார், செய்முறை தயார், ராணுவமே கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த நேரத்தில்தான் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் வம்சத்தினர் மேடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஒரே மந்திரம்: இன்ஹெரிடன்ஸ். எல்லாவற்றையும் ஒரு மூதாதையரின் கீழே கொண்டுவந்துவிட்டால் உலகப் பிரச்சினைகள் தீர்ந்துவிடும். லிஸ்டா? மூதாதையரை வைக்கும் லிஸ்ட் ஒன்று போதும், பேரன்கள் எல்லாம் அதிலேயே உட்காரட்டும் என்றார்கள். உட்கார்ந்தார்கள். வெளியே கூப்பிடும்போதுதான் யார் எந்தப் பேரன் என்று யாருக்கும் தெரியவில்லை.

நியூ ஜெர்ஸியில் பெல் லேப்ஸில் பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் என்ற டென்மார்க்காரர் 1979 முதல் சி மொழிக்கு கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தார். 1983ல் அது சி++ ஆனது. லிஸ்டுக்கு ஆரம்பத்தில் அவர் கொடுத்த மருந்து மேக்ரோ. மேக்ரோ என்பது கம்பைலர் பார்ப்பதற்கு முன்னால் எழுத்தை எழுத்தாக மாற்றிப் போடும் வேலை; மேலே சொன்ன காப்பி அடிக்கும் வழிதான், காப்பி அடிக்க ஆள் வைத்திருக்கிறோம் என்பது மட்டும் வித்தியாசம். இது நெடுநாள் ஓடாது என்று அவருக்கே தெரிந்து, 1988ல் டெம்ப்ளேட் என்ற யோசனையைக் கட்டுரையாகப் படித்தார். ஆனால் 1989ல் வந்த 2.0 பதிப்பில் முதலில் இறங்கியது மல்டிபிள் இன்ஹெரிடன்ஸ். ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பா ஏற்பாடு செய்வதுதான் அன்றைக்கு அவசரமாக இருந்திருக்கிறது. டெம்ப்ளேட் வர 1991 ஆனது.

வந்த டெம்ப்ளேட், சாது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தது. வெக்டர்<இன்ட்> என்று எழுதினால் கம்பைலர் ‘டி’ இருக்கும் இடத்தில் எல்லாம் இன்ட் போட்டு ஒரு புதுப் பிரதி எடுக்கும். வெக்டர்<ஸ்ட்ரிங்> என்றால் இன்னொரு பிரதி. வேகத்துக்குக் குறையே இல்லை, ஒவ்வொரு பிரதியும் அந்த டைப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. ஆனால் ‘டி’க்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று லிஸ்கோவ் விதித்த மாதிரி நிபந்தனை எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். உள்ளே வந்து, நான்கு கட்டு தாண்டி, கொல்லைப்புறத்தில் எங்கோ ஓர் ஒப்பிடும் குறியைப் பார்த்து, “இது எனக்குத் தெரியாதே” என்று முழிக்கும்போதுதான் கம்பைலர் அலறும். அந்த அலறல் பக்கக்கணக்கில் போகும். தப்பு உங்கள் ஒரு வரியில். குற்றப்பத்திரிகை மட்டும் நூலகத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வரும்.

இதை வைத்துக்கொண்டு ஒருவர் செய்த வேலையைக் கேளுங்கள். 1994ல் சான் டியேகோவில் சி++ தரக் கமிட்டி கூடியிருந்தது. எர்வின் உன்ரு என்ற உறுப்பினர் ஒரு புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினார். அது கம்பைலே ஆகாது. ஆகாத புரோகிராமில் என்ன பெருமை? அதன் பிழைச் செய்திகளை வரிசையாகப் படித்தால் 2, 3, 5, 7, 11 என்று பகா எண்கள் வருகின்றன. புரோகிராம் ஓடவே இல்லை, ஆனால் கணக்கு முடிந்துவிட்டது! டெம்ப்ளேட் என்பது சி++க்குள் யாருக்கும் தெரியாமல் பிறந்துவிட்ட இன்னொரு முழு மொழி என்று கமிட்டிக்கு அன்றுதான் உறைத்தது. பெற்றவர்களுக்கே தெரியாமல் பிள்ளை பிறந்த கதை புராணங்களுக்கு வெளியே அநேகமாக இது ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். மாஸ்கோவில் பிறந்தவர். 1976ல், சோவியத் யூனியனில் இருந்தபோது, பச்சை மீன் சாப்பிட்டு வயிறு விஷமாகி ஆஸ்பத்திரியில் பிதற்றிக்கொண்டு படுத்திருக்கையில் அவருக்கு ஞானம் பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எண்களைப் பலர் பங்கு போட்டுக் கூட்ட முடிகிறதே, ஏன்? அவை எண்கள் என்பதால் இல்லை. எந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் கூட்டினாலும் விடை மாறாது என்பதால். அந்தக் குணம் உள்ள எதற்கும் அந்த வழிமுறை செல்லும். ஜுரம் வந்தால் நமக்கெல்லாம் இட்லி பிடிக்காமல் போகும். அவருக்கு அரைக்குலம் என்ற இயற்கணிதம் புரிந்திருக்கிறது. அந்த மீனுக்குத்தான் இன்றைய சி++ நூலகம் கடன்பட்டிருக்கிறது. ஏடாவில் முயன்று பார்த்துவிட்டு, பிறகு எச்பி நிறுவன ஆய்வகத்தில் மெங் லீயுடன் சேர்ந்து எஸ்டிஎல் என்ற அந்த நூலகத்தை எழுதினார். 1993 நவம்பரில் சான் ஹோசேயில் கமிட்டிக்குக் காட்டினார், 1994 ஜூலையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கமிட்டி வரலாற்றில் எட்டு மாதம் என்பது கண் இமைக்கும் நேரம். இதில் வேடிக்கை, ஸ்டெபனோவுக்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறை மீது துளியும் மரியாதை கிடையாது. அது பெரும் ஏமாற்று வேலை என்றே பேட்டி கொடுத்தவர். அந்த வம்சத்தின் அரண்மனைக்குள்ளேயே, இன்ஹெரிடன்ஸை அநேகமாகத் தொடாமல், சார்ட் தனியாக, லிஸ்ட் தனியாக, நடுவில் இட்டரேட்டர் என்று அவர் கட்டிய மாளிகைதான் அங்கே எல்லாரும் குடியிருக்கும் வீடானது.

அபராதங்கள் பின்னால் வந்தன. வெக்டருக்குள் வெக்டர் வைத்தால் கடைசியில் >> என்று இரண்டு முடிப்புக் குறிகள் ஒட்டி வரும். கம்பைலருக்கு அது பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும் குறி. எனவே நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். அந்த ஒரு இடைவெளியை ஒழிக்க 2011 வரை ஆனது. 1998 தரத்தில் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒரு வசதியை எழுதி வைத்தார்கள். அதை முழுதாகச் செய்து முடித்தது ஈடிஜி என்ற ஒரே குழு. செய்து முடித்த பிறகு அந்தக் குழு மற்ற கம்பைலர்காரர்களுக்குக் கொடுத்த ஆலோசனை, நீங்கள் செய்யாதீர்கள் என்பது. 2011ல் எடுத்துவிட்டார்கள். ‘டி’க்கு நிபந்தனை போடும் கான்செப்ட்ஸ் வரைவில் நுழைந்து, 2009 ஜூலையில் ஃபிராங்ஃபர்ட் கூட்டத்தில் வெளியே தள்ளப்பட்டு, உருமாறி 2020 தரத்தில் மறுபடி வந்தது. லிஸ்கோவின் ‘வேர்’ அட்லாண்டிக்கைத் தாண்டாமலே வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் நாற்பத்தைந்து வருஷம்.

அடுத்த அரண்மனை ஜாவா. 1991ல் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் கூட்டாளிகளும் செட்-டாப் பெட்டி போன்ற வீட்டுச் சாமான்களுக்காகத் தொடங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரை முதலில் வைத்து, 1995ல் ஜாவா என்று வெளியிட்டார்கள். சி++ன் பாவங்களை எல்லாம் கழுவிய மொழி இது என்பதுதான் விளம்பரம். மல்டிபிள் இன்ஹெரிடன்ஸ் போச்சு. பாயிண்டர் போச்சு. கழுவின தண்ணீரோடு டெம்ப்ளேட்டும் போச்சு. பதிலுக்கு ஆப்ஜெக்ட் என்ற ஒரே மூதாதையர், அவரை வைக்க வெக்டர் என்ற பெயர் ஒட்டாத டப்பா. உள்ளே ஸ்ட்ரிங் போடுங்கள், வெளியே ஆப்ஜெக்ட் வரும். “இது ஸ்ட்ரிங்தான், நான் பொறுப்பு” என்று ஒவ்வொரு முறையும் காஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பேற்றவர் சொன்னது பொய்யானால், அது தெரிவது வாடிக்கையாளர் முன்னால், கிளாஸ்-காஸ்ட்-எக்செப்ஷன் என்ற பெயரில்.

ஜெனரிக்ஸ் இல்லாத வீட்டில் அரேயை வரிசைப்படுத்த ஒரு பொதுவான சார்ட் எழுதுவது எப்படி? அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்ட்ரிங் அரேயை ஆப்ஜெக்ட் அரே என்று நினைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். நினைத்துக்கொண்டவன் அதில் இன்டிஜரைப் போட்டால்? கம்பைலர் புன்னகையோடு விட்டுவிடும். ஓடும்போது அரே-ஸ்டோர்-எக்செப்ஷன் வெடிக்கும். அதாவது அரேயில் ஒவ்வொரு ஆப்ஜெக்டை வைக்கும்போதும் வாசலில் ஒருவன் நின்று சோதனை போட வேண்டும். பின்னாலேயே வந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட் இந்தத் தவற்றையும் விடாமல் எடுத்துக்கொண்டது. காப்பி அடிப்பதில் நேர்மை என்றால் அதுதான்.

இங்கே பிலிப் வாட்லர் உள்ளே வருகிறார். ஹாஸ்கெல் மொழியைச் செய்தவர்களில் ஒருவர். மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டையைக் கிழித்துத் திறந்து, உள்ளே சூப்பர்மேன் பனியனில் எஸ் இருக்கும் இடத்தில் லாம்டா எழுதியிருப்பதைக் காட்டும் பேராசிரியர். நம் கதையில் இரண்டு அரண்மனைகளில் நடக்கும் ஜெனரிக்ஸ் பிரசவத்துக்கு மருத்துவச்சியாக இவர்தான் நிற்பார். 1997ல் இவரும் மார்ட்டின் ஓடர்ஸ்கியும் ஜாவாவுக்கு மேல் பீட்ஸா என்ற மொழியைச் செய்து காட்டினார்கள். அதில் ஜெனரிக்ஸ், ஃபங்ஷனை ஃபங்ஷனுக்குக் கொடுப்பது, இன்னும் பல சரக்கு இருந்தது. சன் நிறுவனம் தட்டைப் பார்த்துவிட்டு, ஜெனரிக்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், மீதி வேண்டாம் என்றது. (மீதியையும் பிற்பாடு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. லாம்டா வந்தது 2014ல்.) சன்னிலிருந்து கிலாட் பிராக்காவும் டேவிட் ஸ்டவுட்டமையரும் சேர, நால்வரும் 1998ல் ஜிஜே என்ற கம்பைலரைக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். ஓடர்ஸ்கி எழுதிய அந்தக் கம்பைலர் நன்றாக இருந்ததால், 2000ல் ஜாவா 1.3க்கு அதையே அதிகாரபூர்வக் கம்பைலராக ஆக்கினார்கள், ஜெனரிக்ஸ் பகுதியை மட்டும் பூட்டிவிட்டு. நான்கு வருஷம் உலகத்து ஜாவாக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே ஜெனரிக்ஸை வைத்துக்கொண்டு, அது எப்போது வரும் என்று வாசலில் காத்திருந்தார்கள்.

2004 செப்டம்பர் 30, ஜாவா 5. வந்தது. ஆனால் ஒன்பது வருஷமாக எழுதிக் குவித்த பழைய கோடில் ஒரு வரியும் உடையக்கூடாது; நூலகம் புதுசாகவும் அதைப் பயன்படுத்துகிறவன் பழையவனாகவும் இருந்தால்கூட ஓட வேண்டும்; தலைகீழாக இருந்தாலும் ஓட வேண்டும். இந்த நிபந்தனைகளுக்குள் அவர்கள் கண்ட வழி இரேஷர். கம்பைலர் டப்பாவின் மேல் ‘ஸ்ட்ரிங்’ என்று சீட்டு ஒட்டும். போடுவது, எடுப்பது எல்லாம் சரியா என்று கறாராகப் பார்க்கும். திருப்தியானதும் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, எடுக்கும் இடங்களில் பழைய காஸ்டைத் தானே எழுதி அனுப்பிவிடும். ஓடும்போது பார்த்தால் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>கும் லிஸ்ட்<இன்டிஜர்>ரும் ஒரே கிளாஸ். அதனால்தான் ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுதி ஒன்றுக்கு இதையும் மற்றதற்கு அதையும் வாங்க முடியாது. நியூ டி() என்று கேட்டால், ‘டி’ யார் என்று ஓடும் நேரத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை.

இரேஷரை ஏளனம் செய்வது ஜாவா வட்டாரத்தில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கடனை இத்தனை நாசூக்காக அடைத்த மொழி குறைவு. குறை சொல்ல வேண்டுமென்றால் 1995ஐச் சொல்ல வேண்டும்.

அரேயில் பட்ட அடியால் லிஸ்ட் விஷயத்தில் கம்பைலர் ரொம்பக் கறாரானது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதனோடு இந்த வாக்குவாதம் உண்டு:

“சார், அந்த மெத்தட் லிஸ்ட்<ஆப்ஜெக்ட்> கேட்குது. என்கிட்ட லிஸ்ட்<ஸ்ட்ரிங்> இருக்கு. ஸ்ட்ரிங்கும் ஒரு ஆப்ஜெக்ட்தானே, குடுத்துடறேன்.”

“கூடாது.”

“ஏன் சார்?”

“நீ குடுப்பே. அவன் அதை ஆப்ஜெக்ட் லிஸ்ட்னு நெனச்சு ஒரு இன்டிஜரைப் போட்டு வைப்பான். அப்புறம் நீ ஸ்ட்ரிங்னு எடுப்பே. அழுதுகிட்டு எங்கிட்டதான் வருவே.”

“அவன் எதையும் போட மாட்டான் சார். படிக்க மட்டும்தான் போறான்.”

“அப்ப அவனை எழுதிக் குடுக்கச் சொல்லு.”

“அரேயில மட்டும் விடறீங்களே?”

“அது நான் சின்ன வயசுல பண்ணினது. அதைப் பத்திப் பேசாதே.”

அந்த எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் வைல்டுகார்டு. ‘? எக்ஸ்டென்ட்ஸ் நம்பர்’ என்றால், இந்த லிஸ்டிலிருந்து நம்பராக எடுப்பேன், உள்ளே எதையும் போட மாட்டேன். ‘? சூப்பர் இன்டிஜர்’ என்றால், இன்டிஜரைப் போடுவேன், எடுக்கும்போது என்ன வரும் என்று எதிர்பார்க்க மாட்டேன். கொடுக்கிறவனுக்கு எக்ஸ்டென்ட்ஸ், வாங்கிக்கொள்கிறவனுக்கு சூப்பர். ஜோஷுவா பிளாக் இதை நான்கெழுத்துச் சூத்திரமாக்கிப் புத்தகத்தில் போட்டார். நேர்காணலுக்குப் போகிறவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், வேலை கிடைத்ததும் மறந்துவிடுகிறார்கள். யோசனை சரியானதுதான், ஆனால் எழுத்தில் பார்த்தால் பயம் வரும். ஈனம்<ஈ எக்ஸ்டென்ட்ஸ் ஈனம்<ஈ>> என்று ஒரு வரி ஜாவா நூலகத்திலேயே இருக்கிறது. வாலைக் கவ்விய பாம்பு. காஸ்லிங்கோடு சேர்ந்து ஜாவா பாடப்புத்தகம் எழுதிய கென் ஆர்னால்டே 2005ல் பொறுக்க முடியாமல் ஜெனரிக்ஸ் தீங்கானது என்று எழுதினார். அவர் பயந்தது வீண்போகவில்லை. 2016ல் நாடா அமினும் ராஸ் டேட்டும், நல் என்ற சூனியத்தைச் சாட்சியாக நிறுத்தியே இந்த வைல்டுகார்டு காவலை ஏமாற்றி, ஒரு காஸ்டும் எழுதாமல் கிளாஸ்-காஸ்ட்-எக்செப்ஷன் வரவழைத்துக் காட்டினார்கள். அடுத்த வருஷமே ராது கிரிகோரே, ஜாவா ஜெனரிக்ஸின் டைப் சோதனைக்குள்ளேயே எந்தக் கணக்கையும் போட முடியும் என்று நிரூபித்தார். சி++ வீட்டில் நடந்த அதே ரகசியப் பிரசவம்.

இன்டை ஜெனரிக்ஸில் வைக்க முடியாத குறை வேறு. இன்ட் ஆப்ஜெக்ட் பரம்பரையில் வராதது. எனவே இன்டிஜர் என்ற சட்டையை மாட்டித்தான் உள்ளே விடுவார்கள். சட்டை மாட்டுவதை ஜாவா 5 தானாகவே செய்தது. விளைவு: லிஸ்ட்<இன்டிஜர்>ரில் ரிமூவ்(3) என்று எழுதினால் 3 என்ற எண் போகாது, மூன்றாம் குறியீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவி போவான். லிஸ்ட்<இன்ட்> என்று நேராக எழுத வழி செய்வதற்கான வல்ஹல்லா திட்டம் 2014ல் தொடங்கியது. அப்படி எழுத இன்னும் முடியவில்லை.

மைக்ரோசாஃப்ட் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே பெரிதாக அசிங்கம் எதுவும் நடக்கவில்லை. 2002ல் சி ஷார்ப் வந்தபோது வழக்கம்போல ஜெனரிக்ஸ் இல்லை. ஆனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த அதன் ஆராய்ச்சிக் கிளையில் ஆண்ட்ரூ கென்னடியும் டான் சைமும் 2001லேயே வரைபடத்தோடு தயாராக இருந்தார்கள். சீட்டைக் கிழிக்கவே வேண்டாம், ரன்டைமுக்கே டைப் தெரியட்டும் என்றார்கள். இன்ட் மாதிரி டைப்புகளுக்குத் தனித்தனிப் பிரதி. பாயிண்டராக வரும் டைப்புகளுக்கெல்லாம் ஒரே பிரதியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 2005ல் டாட்நெட் 2.0வில் வந்தது. மொழிக்கு வயது மூன்றுதான் என்பதால் ரன்டைமையே பிரித்துப் போட்டுக் கட்ட முடிந்தது. அதற்கும் விலை இல்லாமல் இல்லை: பழைய அரேலிஸ்ட் ஒரு வீடு, புது லிஸ்ட்<டி> இன்னொரு வீடு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. 2010ல் ‘இன்’, ‘அவுட்’ என்று இரண்டு குட்டி வார்த்தைகளால், வைல்டுகார்டு தலைவலியின் பெரும்பகுதியை இன்டர்ஃபேஸ் எழுதுகிறவரின் தலைக்கே மாற்றிவிட்டார்கள். அந்த வைல்டுகார்டை ஜாவாவுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான மாட்ஸ் டோர்கர்சன் பிற்காலத்தில் சி ஷார்ப் வடிவமைப்புக்கே தலைமை ஏற்றார். பரிகாரம் என்று சிலர் சொல்வார்கள்.

2009 நவம்பரில் கூகுளிலிருந்து கோ மொழி வந்தது. செய்தவர்கள் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், யூனிக்ஸைப் படைத்த கென் தாம்ப்சன். முன்னோர் மூவர் செய்த தவறுகளும் முழு விவரத்தோடு கண்ணெதிரே இருந்தன. அவர்கள் அறிவித்தது என்ன தெரியுமா? எங்கள் மொழி எளிமையானது, ஜெனரிக்ஸ் கிடையாது.

முழுக்கக் கிடையாது என்றும் சொல்ல முடியாது. மேப், ஸ்லைஸ், சேனல் மூன்றும் எந்த டைப்பை வேண்டுமானாலும் ஏற்றுக்கொண்டன. அரண்மனைக்குள் இருக்கிறவர்களுக்கு ஜெனரிக்ஸ் உண்டு, குடிமக்களுக்கு இல்லை, அவ்வளவுதான். குடிமக்களுக்கு இன்டர்ஃபேஸ்{} என்ற காலி அடைப்பு, அதாவது ஆப்ஜெக்டின் அவதாரம். எதையாவது வரிசைப்படுத்த வேண்டுமா? நீளம் சொல்ல ஒன்று, ஒப்பிட ஒன்று, இடம் மாற்ற ஒன்று என்று ஒவ்வொரு டைப்புக்கும் மூன்று மெத்தட் எழுதுங்கள்.

அந்த டிசம்பரிலேயே கோ குழுவின் ரஸ் காக்ஸ் இக்கட்டை நேர்மையாக எழுதினார். ஜெனரிக்ஸ் இல்லாவிட்டால் புரோகிராமர் மெதுவாவான். சி++ வழியில் போனால் கம்பைலர் மெதுவாகும். ஜாவா வழியில் போனால் ஓடுவது மெதுவாகும். மூன்றில் யாரை நோகடிப்பது? நாற்பது வருஷச் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தேர்ந்தெடுத்தது யாரை என்று சொல்லத் தேவையில்லை, புரோகிராமர்தான் கேட்பாரில்லாமல் இருந்தான்.

அவன் சும்மா இருப்பானா? கோட் எழுதும் கோட் எழுதினான். ஒருவர் இன்னும் மேலே போனார். பெயர்களுக்குள் < > குறிகளைக் கோ அனுமதிக்காது. ஆனால் யூனிகோடில் உள்ள எழுத்து எதையும் அனுமதிக்கும். கனடாவின் பழங்குடி மொழிகளுக்கான வரிவடிவத்தில் அச்சாக அந்தக் குறி மாதிரியே இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டு, பார்த்தால் ஜெனரிக்ஸ் மாதிரியே தெரியும் பெயர்களில் டைப்புகளை எழுதி, டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டார். கம்பைலருக்கு அது ஒரு நீளமான பெயர். கனடாப் பழங்குடியினரின் எழுத்தைக் கடன் வாங்கியாவது ஜெனரிக்ஸ் எழுதுவேன் என்று ஒருவன் இறங்கிவிட்டால், அரசு கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2018ல் யோசித்தது. கான்ட்ராக்ட்ஸ் என்று ஒரு வரைவு வந்தது, போனது. ராப் பைக் வாட்லருக்குக் கடிதம் எழுதினார். மருத்துவச்சி மறுபடி வந்தார். கூட்டாளிகளோடு கோவின் டைப் கணிதத்தை 2020ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். கான்ட்ராக்ட் போய், ஏற்கெனவே இருந்த இன்டர்ஃபேஸையே நிபந்தனையாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. அப்புறம் பிராக்கெட் பஞ்சாயத்து. < > போட்டால், அது டைப்பா அல்லது ‘சிறியது, பெரியது’ என்ற ஒப்பீடா என்று கம்பைலர் குழம்பும். ( ) போட்டுப் பார்த்தார்கள், ஒரே வரியில் மூன்று ஜோடி வளைவு வந்து படிக்கிறவன் குழம்பினான். [ ] என்று முடித்தார்கள். அதிலும் அரேயோடு கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. இருப்பதில் குறைந்த குழப்பம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2022 மார்ச்சில் கோ 1.18 வந்தது. காக்ஸின் மூன்று வழிகளுக்கும் நடுவில் ஒரு சமரசம்: நினைவகத்தில் ஒரே வடிவம் உள்ள டைப்புகளுக்கு ஒரு பிரதி, வித்தியாசங்களுக்கு ஓர் அகராதி. இனி எழுதலாம், எந்த டைப்புக்கும். எல்லாரும் முதலில் எழுதிப் பார்த்தது மேக்ஸ், அதாவது இரண்டில் பெரியது எது என்று சொல்லும் ஃபங்ஷன். அதுவரை கோ நூலகத்தில் தசம எண்ணுக்கு மட்டும்தான் அது இருந்தது. முழு எண்ணில் பெரியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் தானே இஃப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெனரிக்ஸுக்காக வழக்காடியவர்கள் எல்லாம் முதலில் நீட்டிய உதாரணமும் அதுதான். 2023 ஆகஸ்டில், மொழி வெளியாகிப் பதினான்கு வருஷம் நெருங்கும்போது, கோ 1.21ல் மின், மேக்ஸ் இரண்டும் எல்லா எண்களுக்குமாக வந்து சேர்ந்தன. ஜெனரிக் ஃபங்ஷன்களாக இல்லை. மேப், ஸ்லைஸ் மாதிரி, கம்பைலருக்குள்ளேயே வைத்து.